ஏல மணத்துக்கு அடியில் இருந்த ஈரம்

ஓய்வு பெற்றுப் போடி வீட்டிலேயே இருக்கத் தொடங்கிய பிறகு, ஆனி, ஆடி மாதங்களில் துணி உலர்த்த மாடிக்குப் போனால் நெடுநேரம் அங்கேயே நின்றுவிடுகிறேன். கீழே நல்ல வெயில் அடிக்கும். மேற்கே போடிமெட்டின் மேல் மேகம் அடைந்து கிடக்கும். இங்கே சேலை காய்ந்து மொடமொடக்கும் அதே வேளையில் அங்கே ஒவ்வொரு பலகையும் நீர் குடித்துக்கொண்டிருக்கும். பணிக்காலம் முழுவதையும் அந்த மேகத்துக்குள் கழித்தவள் நான். அதற்குள் இருந்தபோது வெயிலுக்கு ஏங்கினேன். இப்போது வெயிலில் நின்றுகொண்டு அந்தக் குளிரையும், நனைந்த மண்ணின் வாடையையும் தேடுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில், முன்பு என்னோடு பணிபுரிந்த இளம் பொறியாளர் நிவேதா தொலைபேசியில் அழைத்தாள்.

"மேடம், குரங்கணிக்கு மேல ஒரு ஹோம்ஸ்டே. பலகைத் தரை. ரெண்டு மழைதான் பாத்திருக்கு, அதுக்குள்ள பலகை உப்பிக்கிட்டு நிக்குது. ஈரத்த உறிஞ்சுற மெஷின் ஒண்ணை அடியில வச்சிறலாம்னு ஓனர் சொல்றாரு. வைக்கலாமா?"

"அடியில போய்ப் பாத்தியா?"

"உள்ள போறதுக்கு வழியே வைக்கல மேடம். நாலு பக்கமும் கல்லக் கட்டி மூடிட்டாங்க."

முதலில் ஆள் நுழைய ஒரு வழி வெட்டச் சொன்னேன். இயந்திரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றேன். மலையில் இப்போது மீண்டும் பலகைத் தரை வீடுகள் எழும்புகின்றன. வந்து தங்குவோருக்கு அவை அழகு. ஆனால் அவற்றுக்கு அடியில் என்ன நடக்கும் என்பது கட்டுவோர் பலருக்குத் தெரிவதில்லை. "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மேடம்" என்று நிவேதா கேட்டதால் இதை எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால், எத்தனையோ வீடுகளைத் தாண்டி ஒரு வீடே முன்னால் வந்து நிற்கிறது.

சரிவில் மண்ணை வெட்டிச் சமன் செய்தும் வீடு கட்டலாம். சரிவை அப்படியே விட்டு, கல் தூண்களை நட்டு, அவற்றின் மேல் உத்தரம் போட்டுப் பலகை அடித்தும் கட்டலாம். இந்த இரண்டாம் வகையில் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் இருண்ட இடைவெளி அமையும். மேட்டுப் பக்கம் தவழ்ந்து போகும் உயரம், பள்ளப் பக்கம் குனிந்து நிற்கும் உயரம். நாங்கள் அதைத் தரையடி என்போம். குடியிருப்பவர்கள் அதை எட்டிப் பார்ப்பதே அரிது. வீடு எத்தனை காலம் நிற்கும் என்பதோ அங்கேதான் முடிவாகிறது.

பொட்டிபுரம் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. அப்பா பருத்தியும் சோளமும் போட்டவர். மதுரையில் நான் கட்டடப் பொறியியல் படித்தபோது, மகள் அணை கட்டப் போகிறாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். நானோ ஏலத் தோட்டங்களின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து ஓடு மாற்றினேன், கழிவறை கட்டினேன். உழைத்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒழுகாத கூரை வாய்ப்பது சிறிய காரியமல்ல என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்பு கிளம்பும். ஏலக்காட்டுக்குப் போகும் பெண்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பேன். எங்கள் பிரிவின் கொத்தனார் மூக்கையா அண்ணன் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வருவார்.

"ஏன் இன்ஜினியரம்மா, அம்புட்டுப் படிப்புப் படிச்சது பெருச்சாளி மாதிரி வீட்டுக்கடியில ஊரத்தானா?" என்பார்.

"நீங்க படிக்காமலே ஊர்றீங்களே அண்ணே."

"அதத்தான் சொல்றேன். படிப்புச் செலவு எங்கப்பனுக்கு மிச்சம்ல!"

ஜீப்பு முழுக்கச் சிரிக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வோம். அந்தச் சாய்வு இப்போதும் சில விடியற்காலைகளில் என் உடம்புக்கு நினைவு வருகிறது.

எங்கள் பிரிவின் தலைவர் குரியன் சார். எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர். தமிழை மலையாளம் கலந்து பேசுவார். ஈரம் என்று புகார் வந்தால் அவர் நேராக வீட்டுக்குள் நுழைய மாட்டார். முதலில் கூரையைப் பார்ப்பார். ஓட்டு விளிம்பில் வழியும் நீர் எங்கே விழுகிறது, விழுந்தது வீட்டை நோக்கி ஓடுகிறதா, விலகி ஓடுகிறதா என்று பார்ப்பார். பிறகு வீட்டுக்குப் பின்னால் ஏறி, மேட்டு மண்ணில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அது போகும் வழியைக் கவனித்தபடி நிற்பார். அதற்குப் பிறகே சட்டையைக் கழற்றி மடித்து ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, பனியனோடு தரையடிக்குள் போவார். ஒவ்வொரு உத்தரத்தையும், குறிப்பாக அது கல்லின் மேல் உட்காரும் முனையை, கூரான கம்பியால் குத்திப் பார்ப்பார். நல்ல மரம் கம்பியைத் தடுக்கும். கெட்ட மரம் ஊறிய ரொட்டியைப் போல உள்ளே விடும்.

வெளியே வந்தால் உடனே பேச மாட்டார். கை கழுவி, சட்டையை மாட்டி, கடைசிப் பொத்தானையும் போட்ட பிறகே வாய் திறப்பார். வீட்டுக்காரர்கள் அந்தப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"வெள்ளம் எவிடெ இருந்து வருதுன்னு தெரியாம மருந்து சொல்லக்கூடாது, மனசிலாயோ?" என்று எங்களிடம் சொல்வார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான்.

போடிமெட்டைத் தாண்டிய ஒரு பழைய தோட்டத்தில் கல் தூண்களின் மேல் ஒரு வரிசை வீடுகள் இருந்தன. கடைசி வீட்டில் சீனியம்மாள் குடியிருந்தார். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலை. கணவர் வீரணன் ஏலக்காய் ஸ்டோரில் பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் வேலை பார்த்தவர். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. போடியில் பட்டறை வைத்திருந்த மகன், கீழே வந்துவிடும்படி தாயை அழைத்துக்கொண்டே இருந்தான். அவர் போகவில்லை.

ஒருநாள் அடுப்படியில் நின்றவரின் கால் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. முழங்காலில் காயத்தோடு தப்பினார். வீட்டை மழைக்கு முன்பே இடித்துவிடலாம் என்று தோட்டத்து மேனேஜர் நினைத்தார். மாற்றிக் கொடுக்க அங்கே வேறு காலி வீடு இல்லை. வீடு போனால் அவர் மலையை விட்டு இறங்க வேண்டும். வேலையும் அதோடு போகும். பழுது பார்த்து நிறுத்துவதா, இடிப்பதா என்று எங்கள் பிரிவின் கருத்தைக் கேட்டிருந்தார்கள்.

நாங்கள் போனபோது சீனியம்மாள் கட்டுப் போட்ட காலை நீட்டி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் எறங்க மாட்டேன் தாயி" என்றார் என்னிடம், நான் எதையும் கேட்கும் முன்பே. "பலக ஒடஞ்சா பலகய மாத்துங்க. ஆள ஏன் மாத்துறீக?"

உள்ளே காலடி வைத்ததும் ஏல மணம் முகத்தில் மோதியது. டப்பாவைத் திறந்தால் வருமே, அப்படி லேசாக இல்லை. சுவரும் தரையும் சேர்ந்து மூச்சு விடுவதைப் போல இருந்தது. எந்த வீட்டிலும் ஈரத்தை முதலில் சொல்வது மூக்குதான். பூஞ்சை வாடை, மக்கிய மரத்தின் புளித்த வாடை ஆகியவற்றை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவோம். அந்த வீட்டில் எங்கள் மூக்குக்கு வேலை இல்லாமல் போனது.

காரணம் அடியில் இருந்தது. உலர்ந்த ஏலக்காயைச் சூடு ஆறும் முன்பே கம்பி வலையில் தேய்த்துக் காம்பையும் வாலையும் நீக்குவார்கள். அப்போது உதிரும் தூசியைக் கூட்டி அள்ளி, அந்த வரிசைக்காரர்கள் தங்கள் தரையடியில் பரப்பி வந்தார்கள். பூச்சி வராது, வீடு மணக்கும், கதகதப்பாக இருக்கும் என்பது நம்பிக்கை. மழைக்கு முன்னால், தரையடியைச் சுற்றிய சுவரின் காற்றுத் துளைகளில் சாக்கைத் திணிப்பதும் குளிருக்குப் பயந்து எல்லோரும் செய்வதே. மற்ற வீடுகளில் தூசி ஏதோ ஒரு கூடை இரண்டு கூடை விழுந்திருந்தது. வீரணனோ ஸ்டோரிலேயே வேலை பார்த்தவர். ஒவ்வொரு பருவத்திலும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, பழையதை அள்ளாமல் அதன் மேலேயே புதியதைக் கொட்டியிருந்தார். மேட்டுப் பக்கம் அந்தக் குவியல் உத்தரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

காய்ந்த தூசி ஈரத்தை விடாமல் உறிஞ்சும். சாக்கு அடைத்த துளைகளால் அது வெளியேற வழி இல்லை. கம்பியை வைத்ததும் இரண்டு உத்தரங்களின் முனைகள் உள்ளே விட்டன. மற்றவை இன்னும் தடுத்தன.

மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறதா, மூடுபனிக் காற்று கொண்டுவருகிறதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஓரிடத்தில் தூசியை ஒதுக்கி, வெறும் மண்ணின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களைக் களிமண்ணால் மூடிச் சில நாள் விட்டுவிட வேண்டும். தாளின் அடிப்புறம் வியர்த்தால் மண்ணின் ஈரம். மேற்புறம் வியர்த்தால் காற்றின் ஈரம். நாங்கள் திரும்பிப் போய்த் தாளை எடுத்தபோது அடிப்புறம் முத்து முத்தாக நீர் நின்றது. வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து கசியும் நீரைத் தடுக்க வாய்க்கால் எதுவும் இல்லை. அது நேராகத் தரையடிக்குள் வந்து கொண்டிருந்தது.

குரியன் சார் பொத்தான்களைப் போட்டு முடித்து என் பக்கம் திரும்பினார்.

"இடிச்சா பத்திரம். நிறுத்தினா ரிஸ்க்கு. ரெண்டும் உங்களுக்குத் தெரியும்" என்றார். "ரிப்போர்ட்டை நீங்க எழுதுங்க. பக்ஷே ஒரு காரியம். உங்க இரக்கம் உத்தரத்துக்குத் தெரியாது. அது பாரத்தை மாத்திரம்தான் அறியும்."

அந்தச் சொல் கடுமையாக இருந்தது, சரியாகவும் இருந்தது. நிறுத்தலாம் என்று எழுதி நாளை தளம் இறங்கினால் ஓர் உயிருக்கு நான் பொறுப்பு. இடிக்கலாம் என்று எழுதினால், உடம்பில் தெம்பும் கையில் வேலையும் உள்ள ஒரு பெண்ணை மகன் வீட்டு மூலைக்கு அனுப்பியதற்கும் நானே பொறுப்பு. மறுபடி உள்ளே போய்ப் படுத்து, ஒவ்வொரு உத்தரத்தையும் நானே குத்திப் பார்த்தேன். கெட்டவை இரண்டுதான். அவற்றை மாற்றலாம். நீரை வெளியே திருப்பலாம். ஆனால் தூசி முழுவதும் போக வேண்டும். ஒரு பிடி கூட மிஞ்சக்கூடாது. மக்கிய அடுக்கில் இருக்கும் பூஞ்சை புது மரத்தையும் தின்றுவிடும்.

அதைச் சீனியம்மாளிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது.

"அது எங்க வீட்டுக்காரரு போட்டது."

"தெரியும்மா. அதுதான் மரத்தத் திங்குது."

"அவரு தோள்ல மூட்டையோட வருவாரு. வாசல்லயே தெரியும், ஆளு வர்றது. அந்த வாசன." பிறகு, "ஒரு மூலையில மட்டும் விட்றக் கூடாதா தாயி?" என்றார்.

"விட்டா மறுபடியும் அங்கருந்து பரவிரும்மா. வேணும்னா நல்லதா கொஞ்சம் எடுத்து மூட்டையில கட்டித் தர்றோம். உள்ள வச்சுக்கங்க."

"மூட்டையில கட்டி வச்சா அது மூட்ட. கீழ கெடந்தாத்தான் வீடு."

கடைசியில் சீனியம்மாளே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்தா நான் இங்கனயே இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"அப்ப எடுங்க. நான் பாக்க மாட்டேன். பிள்ளைகளப் பாக்கப் போறேன்."

வேலையை வரிசையாகச் சொல்கிறேன், இளையவர்களுக்குப் பயன்படும். முதலில் கல் அடுக்கி, திருகு ஜாக்கி வைத்து, உத்தரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பாரத்தை இறக்கினோம். அடுத்து வீட்டின் மேட்டுப் பக்கம், சுவரிலிருந்து தள்ளி, ஒரு வாய்க்கால் வெட்டி, மலை நீரை இரு புறமும் சுற்றிக் கீழே விட்டோம். ஓட்டு விளிம்பில் வழியும் நீரை ஏந்தத் தகரப் பாத்தி பொருத்தி, குழாய் வழியே நீரை அந்த வாய்க்காலில் சேர்த்தோம். சுவரோர மண்ணை வெளிப்புறம் சரிவாக இறுக்கினோம். வெளிநீர் நின்ற பிறகே தரையடிக்குள் கை வைத்தோம்.

தூசியை மூக்கையா அண்ணனும் ஆட்களும் கூடை கூடையாக இழுத்தார்கள். மேல் அடுக்கு, வீரணன் கடைசியாகப் போட்டது, இன்னும் பழுப்புப் பச்சையாக இருந்தது. கீழே போகப் போகக் கறுத்து, அடியில் சேறாகிக் கிடந்தது. எல்லாவற்றையும் கீழ்ச் சரிவில் கொட்டினோம். சில நாள்களுக்கு அந்தச் சரிவு முழுதும் மணந்தது. ஏலக்காட்டிலிருந்து திரும்பும் பெண்கள் அங்கே வந்ததும் நடையைத் தளர்த்துவார்கள். "வீரணண்ணே வீடுல்ல இது" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

"இம்புட்டு மணத்தக் கொட்றதுக்குக் கூலி வாங்குற மொதப் பாவி நாந்தான்" என்றார் மூக்கையா அண்ணன். அன்று யாரும் சிரிக்கவில்லை.

பிறகு இரண்டு உத்தரங்களையும் மாற்றி, கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே தார்த்தாள் வைத்தோம். மண்ணைச் சமன் செய்து, கெட்டியான பிளாஸ்டிக் தாளை ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறும்படி விரித்து, தூண்களைச் சுற்றிச் சற்று மேலேற்றிக் கட்டினோம். காற்றுத் துளைகளைத் திறந்து எலி வராதபடி வலை அடித்தோம். துளைகளை எப்போதும் திறந்து வைப்பதா, மூடுவதா என்று நிவேதாவும் கேட்டாள். எல்லா இடத்துக்கும் ஒரே விடை இல்லை. அந்த உயரத்தில் மூடுபனி நாள்களில் திறந்த துளை வழியே ஈரமே உள்ளே வரும். ஆகவே குரியன் சார் ஒவ்வொரு துளைக்கும் சிறிய பலகைக் கதவு செய்யச் சொன்னார்: பனியில் மூடு, வெயிலில் திற. சாக்கு மட்டும் வேண்டாம். சீனியம்மாளிடம் அதைக் காட்டியபோது அவர் கதவுகளைத் தாமே மூடித் திறந்து பார்த்துக்கொண்டார்.

மழை அவ்வருடம் வெரசாகவே வந்தது. அது நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு, ஓர் அடை மழையில், குரியன் சாரும் நானும் தரையடிக்குள் ஊர்ந்து போனோம். தலைக்கு மேலே சீனியம்மாள் நடக்கும் ஓசை கேட்டது. வெளியே வாய்க்கால் இரைந்தது. உள்ளே தாளின் மேல் ஒரு துளி நீர் இல்லை. குரியன் சார் புது உத்தரத்தையும் பழைய உத்தரத்தையும் குத்திப் பார்த்தார். கம்பி நின்றது.

"செரி" என்றார், சட்டை போடும் முன்பே. அவரிடம் நான் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான். இப்போது அவர் இல்லை. ஒரு சிக்கலான தரையடியைப் பற்றி யாராவது பேசினால், அவர் பொத்தான் போடும் அந்த மௌனத்துக்காக இன்றும் காத்திருக்கிறேன்.

'குடியிருக்கத் தகுதியானது' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் ஏற்றுக்கொண்டார். அந்த மழை முழுவதும் சீனியம்மாள் அந்த வீட்டிலேயே இருந்தார். மழை விட்டு, காய் பறிப்பும் முடிந்து, மலையில் வெயில் தெளிந்த ஒரு நாள் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். பலகை எங்கேனும் விட்டுவிட்டதோ என்ற கவலையோடு போனேன். உள்ளே சாமான்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"மகன் ஜீப்பு அனுப்புறான் தாயி. கீழ போறேன். ஆயா வேல வேணாம்னு எழுதிக் குடுத்திட்டேன்."

"தரையில ஏதாவது கொறையாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு கொறையும் இல்ல. நல்லாப் பண்ணிக் குடுத்தீக. மழையில ஒரு சொட்டு ஈரம் இல்ல."

"அப்புறம் ஏம்மா? நீங்க இங்க இருக்கணும்னுதானே..."

"தெரியும் தாயி. ஒன்னக் கொற சொல்லல." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன நாளும் வேல முடிஞ்சு வந்து கதவத் தொறந்தா அவரு உள்ள இருக்குற மாதிரியே இருக்கும். அதனாலதான் மகன் கூப்பிட்டும் போகல. வீட்ல ஆள வச்சுக்கிட்டு எப்படிப் போக? இப்பக் கதவத் தொறந்தா வெறும் வீடு. அவரு செத்துப் போனாருன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. தெரிஞ்ச பெறகு இங்கன எனக்கு என்ன சோலி? பேரப்பிள்ளைக கீழ கெடக்குதுக."

நான் செய்தது நன்மையா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. மறு மாதம் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் அந்த வீட்டுக்கு வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டைக் காப்பாற்றாமல் விட்டிருந்தால் அவர்களுக்கு இடம் இல்லை. ஆனால் நான் அந்த வீட்டை நிறுத்தியது அவர்களுக்காக அல்ல.

கீழே ஜீப்பின் ஒலி கேட்டதும் மூட்டைகளை வெளியே வைத்தோம். சீனியம்மாள் திரும்பி உள்ளே போனார். கால் உள்ளே இறங்கிய அந்த அடுப்படி மூலையில் குனிந்து, உள்ளங்கையைப் பலகையின் மேல் விரித்து, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதைப் போல வைத்தபடி சற்று நேரம் இருந்தார்.

"காஞ்சுதான் கெடக்கு" என்றார். பிறகு எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.